ஐந்தாம் படுக்கையில் ஒரு பரீட்சை

போன் அலறியது.

மருந்து கலக்கும் அறையில் 'நடுக்கம்' மட்டும்தான் இருந்தாள். கூடப் படித்தவர்கள் வைத்த பட்டப்பெயர். பார்மஸியில் மேற்படிப்பு முடித்துவிட்டு இந்த ஆஸ்பத்திரியில் ரெசிடென்ஸி பயிற்சி. பரீட்சை என்றால் கை வெடவெடக்கும். போன முறை கோட்டை விட்டாள். இன்றும் விட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பயிற்சி மேடம் காலையிலேயே சொல்லியிருந்தாள்.

"எந்த வார்டுன்னு சொல்ல மாட்டேன். போன் வரும், ஓடு. நோயாளி பொய். ஆபத்து பொய். உன் மூளை மட்டும் நிஜமா வேலை செய்யணும்."

ரிசீவரை எடுத்தாள். நர்ஸ்.

"அஞ்சாம் பெட் பெரியவருக்கு சுகர் விழுந்துட்டே இருக்கு. டாக்டர் சொல்லி குளுக்கோஸ் குடுத்தேன்... ஏறுது, மறுபடி விழுது. மருந்துல ஏதாச்சும் கோளாறான்னு வந்து பாருங்களேன்."

வந்துவிட்டது பரீட்சை!

ஓடினாள்.

பெரியவர் வியர்வையில் தொப்பலாகிக் கிடந்தார். பக்கத்தில் அவருடைய மாப்பிள்ளை, கண்ணைத் துடைத்தபடி.

மேக்கப் பிரமாதம் என்று நினைத்துக்கொண்டாள். பொய்தானே... கை நடுங்கவே இல்லை.

சொட்டிக்கொண்டிருந்த மருந்துப் பையைத் திருப்பினாள். கலந்து அனுப்பும்போது, இனி யாரும் எதையும் சேர்க்கக் கூடாதென்று பையின் வாயில் ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கர். அதன் நடுவே ஊசித் துளை. துளையில் ஒரு சொட்டு.

முகர்ந்தாள்.

பிளாஸ்திரி நெடி. இன்சுலினுக்கே உரிய வாசனை.

"சிஸ்டர், இதுல யாரோ இன்சுலினை ஏத்தியிருக்காங்க. டியூபை மூடுங்க. வேற ஊசி வழியா குளுக்கோஸ்."

நர்ஸ் பறந்தாள்.

"மாமாவுக்கு என்னம்மா ஆச்சு?" என்றான் மாப்பிள்ளை.

"அதை நீங்கதான் சொல்லணும். பாக்கெட் ஏன் சார் உப்பியிருக்கு?"

"அது... கண்ணாடிக் கூடு."

"காட்டுங்களேன். உங்களுக்கும் மார்க் உண்டா?"

"என்ன மார்க்?"

"அடடா, அந்த அப்பாவி மூஞ்சி அசத்தல்."

அவன் எழுந்த வேகத்தில் பாக்கெட்டிலிருந்து சிரிஞ்ச் கீழே விழுந்தது. அவளைத் தள்ளிவிட்டு ஓடினான்.

"பிடிங்க அவனை!" குளுக்கோஸோடு திரும்பிய நர்ஸ் கத்தினாள். வாசலில் காவலாளி அமுக்கினார்.

நடுக்கம் கை தட்டினாள். "ஓட்டம் மட்டும் கொஞ்சம் ஓவர் ஆக்டிங்."

குளுக்கோஸ் ஏற ஏற, பெரியவர் மெல்லக் கண் திறந்தார்.

"நாளைக்கு உயிலை மாத்தப் போறேன்னு சொன்னேன்... அதுக்காடா பாவி..."

"சூப்பர் வசனம் ஐயா. எந்த நாடகக் குழு?"

கதவு படாரென்று திறந்தது. மேடம். மூச்சு வாங்கினாள்.

"எங்கேடி போய்த் தொலைஞ்சே? மேல் மாடியில எல்லாரும் காத்திருக்கோம். போன் அடிச்சு அடிச்சு விரலே தேஞ்சு போச்சு."

"அப்போ... இது?"

"இது நிஜம்மா," என்றாள் நர்ஸ்.

நடுக்கம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நர்ஸ் நடந்ததைச் சொல்லச் சொல்ல, மேடத்தின் வாய் பிளந்தது.

"மேடம்... ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கேன். பாஸ்தானே?"

மேடம் பெருமூச்சு விட்டாள்.

"இவர் பொழைச்சுட்டார், சரி. நீ வராம மாடியில, பரீட்சைக்கு நோயாளியா படுக்க வெச்ச என் பொம்மை செத்துப்போச்சே... அந்தக் கொலைக் கேஸுக்கு யாருடி பதில் சொல்றது?"