தோரணம் இல்லாத வரவேற்பு

ஒரு வாரமாகத் தமிழரசியின் வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பேச்சு மனப்பாடம். பல் தேய்க்கும்போது சொன்னாள். சாப்பிடும்போது சொன்னாள். அம்மா தங்கம்மா ரப்பர்த் தோட்டத்துக்குப் பால் எடுக்கக் கிளம்பினால், வாசல்வரை பின்னாலேயே போய்ச் சொன்னாள்.

"விங் கமாண்டர் லூசி அவர்கள் ஹேடோ என்ற ஊரில் பிறந்தார். அவருடைய அப்பா அடைக்கலசாமி அந்த ஊர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார்..."

"எட்டு வயசுல அந்த கிரேன் மேல ஏறி உக்காந்தாங்க, கீழ பாத்தாங்க, பயப்படவே இல்ல" என்று அம்மா முடித்து வைத்தாள். "எனக்கே தெரியும் புள்ள. மேடையில நானே பேசிறவா?"

"ஐயோ அம்மா!"

லூசி சாதாரண பைலட் இல்லை. ராணுவக் கமாண்டோக்களை யாரும் எதிர்பார்க்காத இடத்தில் இறக்கிவிட்டு, வேலை முடிந்ததும் அவர்களைப் பத்திரமாக ஏற்றி வரும் ஹெலிகாப்டர் அவருடையது. குடியரசுத் தலைவர் கையால் வீரப் பதக்கம் வாங்கியவர். தான் பிறந்த தீவுகளின் பள்ளிக் குழந்தைகளைப் பார்க்க அவரே ஹெலிகாப்டர் ஓட்டி வருகிறார். கட்சால் தீவுக்குக் கிடைத்தது அரை மணி நேரம்தான். அதில் இரண்டு நிமிடம் ஆறாம் வகுப்புத் தமிழரசிக்கு. பதினோரு பேரைப் போட்டியில் ஜெயித்து வாங்கிய இரண்டு நிமிடம் அது.

ஹெலிபேடில் அப்போது சிமென்ட் வேலை நடந்துகொண்டிருந்தது. அதனால் பள்ளி மைதானத்தில்தான் ஹெலிகாப்டர் இறங்க வேண்டும். தலைமை ஆசிரியர் குழந்தைவேலு சாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

பெரிய மனிதர்கள் கப்பலில் வந்தால் இறங்குதுறை முழுக்கத் தோரணம் கட்டுவது கட்சால் வழக்கம். சார் அதையே மைதானத்திலும் செய்தார். நாலு பக்கமும் கலர்க் காகிதத் தோரணம். நடுவில் கோலமாவால் பெரிதாக 'நல்வரவு'. சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் செய்த இருநூறு காகிதப் பூக்கள் வேறு.

அன்று காலை ஒன்பதரைக்கு ஒத்திகை. பதினொரு மணிக்கு ஹெலிகாப்டர் வந்துவிடும். தமிழரசி மேடை ஏறினாள்.

"ஒருமுறை மலைப்பகுதியில் காயம்பட்ட ஆறு வீரர்களை மீட்கப் போனார். இறங்கும்போது ஹெலிகாப்டரின் காற்றில் மண் கிளம்பித் தரையே தெரியாமல் போனது. இரண்டு தடவை இறங்க முடியாமல் மேலே திரும்பினார். மூன்றாவது தடவை..."

தமிழரசி அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னாச்சு? மறந்துடுச்சா?" என்று கீழேயிருந்து கோகுல் கேட்டான். மைக் பிடிப்பது அவன் வேலை.

"மறக்கல கோகுல். இப்பத்தான் ஞாபகமே வருது!"

நூறு தடவை சொன்ன வரிதான். ஆனால் அதைச் சொல்லிக்கொண்டே மைதானத்தைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. ஒரு மாதமாக மழை இல்லை. மண் பவுடர் மாதிரி கிடந்தது. அதன்மேல் கோலமாவு. அதற்கு மேலே காகிதம், காகிதம், காகிதம்! மேடையிலிருந்து குதித்து ஓடினாள்.

"சார், தோரணத்தையெல்லாம் கழட்டணும்!"

"என்னம்மா சொல்ற?" சார் நாற்காலிகளை எண்ணுவதை நிறுத்தினார்.

"ஹெலிகாப்டர் காத்துல எல்லாம் பறக்கும் சார். காகிதம் போயி இறக்கையில மாட்டிக்கிட்டா ஆபத்து. மண்ணு கிளம்பினா மேடத்துக்குத் தரையே தெரியாது. திரும்பிப் போயிருவாங்க."

"எத்தனை கப்பலுக்குக் கட்டியிருக்கோம்? ஒண்ணாவது பறந்திருக்கா?"

"கப்பலுக்குத் தலையில காத்தாடி இல்லையே சார்."

"மூணு நாள் வேலைம்மா இது. நீ போய் உன் பேச்சைப் பார்."

பேச்சைப் பார்க்கத் தமிழரசிக்கும் ஆசைதான். ஆனால் லூசி மேடத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். மேடை ஓரத்தில் ஆபீஸ் அறையின் பெரிய ஃபேன் நின்றது. விருந்தாளிக்கு வியர்க்கக் கூடாது என்று சார் கொண்டுவந்து வைத்தது.

"சார், இந்த ஃபேனை ஒரே ஒரு நிமிஷம் கோலத்துப் பக்கம் திருப்பட்டுமா?"

"திருப்பிக்கோ. அப்புறம் என்னை விட்டுடு" என்று சொல்லிவிட்டு, சார் கோலத்துக்கு அந்தப் பக்கம் போய் நாற்காலிகளை மறுபடியும் எண்ணத் தொடங்கினார்.

கோகுல் ஃபேனைத் திருப்பி, சுவிட்சைக் கடைசி எண்ணுக்குத் திருகினான்.

'நல்வரவு' எழுந்தது. எழுந்த வேகத்தில் நேராகச் சாரிடம் போனது. தலை வெள்ளை, மீசை வெள்ளை, புது நீலச் சட்டையும் வெள்ளை. பின்னாலேயே ஒரு மஞ்சள் தோரணம் அறுந்து வந்து அவர் காதில் தொங்கியது. கோகுல் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டான்.

சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "இது ஒரு ஃபேன்" என்றார் மெதுவாக.

"ஆமா சார்."

"ஹெலிகாப்டர் இறக்கை எவ்வளவு பெருசு இருக்கும்?"

"நம்ம ரெண்டு வகுப்பு நீளம் இருக்கும் சார்."

"அரே பாப் ரே!" பதறியதும் சாருக்கு இந்தி வந்துவிட்டது. "ஜல்தி, ஜல்தி! சீக்கிரம் எல்லாத்தையும் கழட்டுங்க!"

தோரணங்கள் சாக்குக்குள் போயின. நாற்காலிகள் வகுப்புக்குள் போயின. பூக்களை எடுக்கப் போனபோதுதான் ஒன்றாம் வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் அழ ஆரம்பித்தது. தமிழரசி அவர்கள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"யாரும் பூவைத் தூக்கிப் போடல. அவங்கவங்க பூவை அவங்கவங்க சட்டைக்குள்ள வச்சுக்கங்க. இறக்கை நின்னதும் ஓடிப்போயி நீங்களே மேடம் கையில குடுக்கலாம். சரியா?"

பூக்கள் மைதானத்தில் தொங்குவதைவிட இது நல்ல பேரம் என்று அவர்களுக்குத் தோன்றியது. அழுகை நின்றது.

இனி மண். பள்ளிக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. தமிழரசி சாலையைத் தாண்டி ரப்பர்ப் பால் சேகரிக்கும் கொட்டகைக்கு ஓடினாள். பாலை ஊற்றிவிட்டுக் காலி பக்கெட்டுகளோடு அம்மாவும் மற்றவர்களும் நின்றிருந்தார்கள். பக்கத்திலேயே பெரிய தொட்டி நிறையத் தண்ணீர்.

"அம்மா, எல்லா பக்கெட்டும் வேணும்! மைதானத்தைக் குளிப்பாட்டணும்!"

"குளிப்பாட்டணுமா?" அம்மா ஒரு நொடிதான் யோசித்தாள். "ஒத்த ஆளால ஏலாது புள்ள. வாங்க எல்லாரும்!"

இருபது பேர், நாற்பது பக்கெட். தொட்டிக்கும் மைதானத்துக்கும் நடந்து நடந்து கால் வலித்தது. பத்தே முக்காலுக்கு மைதானம் கறுத்து, நனைந்து, அடங்கிக் கிடந்தது. தமிழரசியின் பேச்சுக் காகிதமும் அவள் பையிலேயே நனைந்து கூழாகியிருந்தது.

"கவலப்படாத, மறந்துட்டா நான் எடுத்துக் குடுக்கிறேன்" என்றாள் அம்மா. ஆசையோடுதான் சொன்னாள்.

டப்டப்டப் என்று வானம் அதிர்ந்தது. எல்லோரும் கட்டடத்துக்குள் ஒதுங்கி ஜன்னல் வழியே பார்த்தார்கள். ஹெலிகாப்டர் ஒரு சுற்றுச் சுற்றியது. தமிழரசி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தென்னை மரங்கள் வளைந்தன, ஜன்னல்கள் படபடத்தன. ஆனால் மைதானத்திலிருந்து புழுதி கிளம்பவில்லை. ஹெலிகாப்டர் மெல்ல வந்து உட்கார்ந்தது.

இறக்கை நின்றதும் ஒன்றாம் வகுப்பு பாய்ந்தது. லூசி இறங்குவதற்குள் அவர் ஹெல்மெட் நிறையக் கசங்கிய காகிதப் பூக்கள். அவர் சிரித்துக்கொண்டே குனிந்து ஈர மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"இதை யார் செஞ்சது?"

எல்லா விரல்களும் தமிழரசியைக் காட்டின. காதோரம் இன்னும் வெள்ளையாக இருந்த குழந்தைவேலு சாரின் விரல்தான் முதலில் நீண்டது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க கதையிலதான் இருக்கு மேடம்" என்றாள் தமிழரசி. சொல்லிவிட்டு மேடை ஏறினாள்.

காகிதம் இல்லாமலே பேசினாள். ஹேடோ வந்தது, கிரேன் வந்தது, கமாண்டோக்கள் வந்தார்கள். முன் வரிசையில் அம்மாவின் உதடுகளும் கூடவே அசைந்தன.

"இரண்டு தடவை இறங்க முடியாமல் மேலே திரும்பினார். மூன்றாவது தடவை இறங்கி, ஆறு பேரையும் உயிரோடு கொண்டுவந்தார்."

பேச்சு அங்கே முடிந்திருக்க வேண்டும். அம்மாவின் உதடுகள் நின்றுவிட்டன. ஆனால் தமிழரசி மைதானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு இன்னொரு வரி சேர்த்துக்கொண்டாள்.

"கட்சாலில் மட்டும் முதல் தடவையிலேயே இறங்கினார்!"