ஈரம் காயாத எஞ்சின்

நான்காவது பிளக்கைக் கழற்றியபோது அதன் முனையில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பெட்ரோலாக இருக்கும் என்று நஞ்சுண்டன் விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனான். பெட்ரோல் வாசமே இல்லை. பாசி வாசம். வெயில் படாத கிணற்றில் குனிந்து பார்த்தால் முகத்தில் வந்து அடிக்குமே, அந்தக் குளிர்ந்த வாசம்.

பெரியநாயக்கன்பாளையத்தில் அவன் பட்டறைக்கு வந்து கிளம்பாமல் போன வண்டி கிடையாது. கைராசி பாதி, வாய் பாதி என்று ஊரில் கேலி பேசுவார்கள். எஞ்சினுக்கும் மரியாதை கொடுத்துப் பேசுகிறவன் அவன். ஹாண்டிலைச் சுழற்றும்போது "கெளம்புங்க சாமி, நேரமாச்சுங்க" என்பான். கீழே இறக்கி வைக்கும்போது "பாத்து எறங்குங்க" என்பான். கட்டிக்க ஒருத்தி வராதவன் வேறு யாரிடம்தான் பேசுவான் என்று அவன் தங்கை பழனியாத்தாளே சிரிப்பாள். ஆனால் இந்த எஞ்சினிடம் மட்டும் நான்கு நாளாக அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

வண்டி பழனியாத்தாளின் புருஷன் பாலுசாமியுடையது. இரண்டே பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கோயமுத்தூர் ஜில்லாவில் அதுபோல இன்னொன்றுதான் இருந்தது. தை மாதம் அதில் ஊட்டிக்குப் போன பாலுசாமி, ராத்திரி ரேடியேட்டர் தண்ணீரை வடிக்காமல் தூங்கிவிட்டான். விடிவதற்குள் தண்ணீர் உறைந்து எஞ்சின் பிளாக் வெடித்துவிட்டது. சீமையிலிருந்து வேறு எஞ்சின் வர ஆறு மாதம் ஆகும் என்றார்கள். பங்குனி முதல் வெள்ளிக்குப் பெண்டாட்டியை இதே வண்டியில் கொடுமுடிக்குக் கூட்டிப்போய்க் காவிரியில் முழுக்காட்டுவதாக வேண்டிக்கொண்டிருந்த பாலுசாமி, அதெல்லாம் ஆகாது என்று ஒற்றைக்காலில் நின்றான்.

அந்த இன்னொரு வண்டி அவிநாசி ரோட்டுப் பக்கம் தோட்டம் வைத்திருந்த சீனிவாசலுவுடையது. ஒருநாள் இருட்டுகிற நேரத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுக்குள் வண்டியோடு போய்விட்டான். விழுந்த பிறகும் கொஞ்ச நேரம், தண்ணீருக்கு அடியிலிருந்து குர்ர்... குர்ர்... என்று ஸ்டார்ட்டர் உறுமிக்கொண்டிருந்ததாகப் பண்ணையாட்கள் சொன்னார்கள். தூக்கியபோது அவன் விரல்கள் ஸ்டார்ட்டர் குமிழை இழுத்துப் பிடித்தபடி விறைத்திருந்தனவாம்.

அவன் செத்த ஒன்பதாம் நாள், அந்த வண்டியின் எஞ்சினைக் கேட்டு நஞ்சுண்டன் அங்கே போனான். எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று சீனிவாசலுவின் தாய் சொல்லிவிட்டாள். மூன்று கழிகளை நட்டுச் செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியில் மாட்டி இழுத்தால் எஞ்சின் அசையவே இல்லை. பழக்க தோஷம், அவன் வாய் சும்மா இருக்கவில்லை.

"வாங்க சாமி, நம்மூட்டுக்குப் போலாமுங்க."

கதவோரம் நின்ற தாய் நிமிர்ந்து பார்த்தாள். "ஏனுங்க தம்பி, எழவூட்டுல நின்னுட்டு யார வாங்கன்னு கூப்புடறீங்க? காரியங்கூட இன்னும் ஆகலீங்களே."

நஞ்சுண்டன் நாக்கைக் கடித்துக்கொண்டான். இழவு வீட்டில் வருகிறவரை வா என்பதில்லை, போகும்போது வருகிறேன் என்பதில்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அதற்குள் சங்கிலி தானாகவே ஓடி, அசையாத எஞ்சின் பூக்கூடை மாதிரி மேலே வந்துவிட்டது.

"கலியாணத்துக்குன்னே வாங்குனானுங்க," என்றாள் அவள், யாரிடமோ சொல்வதுபோல. "பக்கத்துச் சீட்டுல இன்னும் ஒருத்தரும் ஒக்காரலீங்க."

பாலுசாமியிடம், மதராஸிலிருந்து ரயிலில் வந்த எஞ்சின் என்று சொல்லிவிட்டான். உண்மையைச் சொன்னால் அவன் வண்டியைத் தொடவே மாட்டான். மாப்பிள்ளை முகம் வாடக்கூடாது, தங்கை ஆசை கெடக்கூடாது. ஒரு சின்னப் பொய்தானே என்று அப்போது தோன்றியது.

எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, ஒவ்வொரு உறுப்பையும் மண்ணெண்ணெயில் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, புது எண்ணெய் ஊற்றித்தான் அவன் பூட்டினான். பாட்டரி நன்றாக இருந்தது. பிளக்குகள் பளிச்சென்று நீலப்பொறி விட்டன. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் ஒழுங்காக வந்தது, வயர்கள் வரிசை மாறாமல் இருந்தன. ஆனால் ஹாண்டிலைச் சுழற்றினால் பாதிச் சுற்றில் ஏதோ கல்லில் மோதியதுபோல நின்றுவிடும். பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் சுழற்றினால் நான்கு துளைகளிலிருந்தும் தண்ணீர் பீய்ச்சியடிக்கும். முதல் நாள் ஒரு டம்ளர். இரண்டாம் நாள் ஒரு செம்பு. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைத் திறந்து விளக்கைப் பிடித்துப் பார்த்தான். கீறல் இல்லை, ஓட்டை இல்லை. ரேடியேட்டரை முழுக்கக் காலி செய்தான். மறுநாள் காலையில் அரை வாளி வந்தது. அதில் ஒரு முடி சுருண்டு மிதந்தது. கருகருவென்ற, எண்ணெய் தேய்த்துச் சீவிய, ஆண்பிள்ளை முடி.

அவன் அதை வெளியே எறிந்துவிட்டு வெகுநேரம் கையைக் கழுவினான்.

வியாழக்கிழமை மாலை பாலுசாமியும் பழனியாத்தாளும் வந்துவிட்டார்கள். விடியற்காலையில் இங்கிருந்தே கொடுமுடிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. அவள் புதுச்சேலை மடிப்புக் கலையாமல் பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க மச்சான், உங்க கைக்கே மசியலீங்களா?" என்று பாலுசாமி சிரித்தான்.

நஞ்சுண்டனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஹாண்டிலைப் பிடித்தான். தங்கை பார்க்கிறாள் என்ற நினைப்பிலோ, நான்கு நாள் களைப்பிலோ, அவனை அறியாமல் வாய் திறந்தது.

"கெளம்புங்க சாமி."

கால் சுற்றுக்கூட ஆகவில்லை. எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரு தும்மல் இல்லை, ஒரு புகை இல்லை, நான்கு நாளாக இந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருந்ததுபோல. பழனியாத்தாள் குழந்தை மாதிரி கை தட்டிக்கொண்டு இடதுபக்கச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்துச் சீட்டில் கையை ஊன்றியவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"அண்ணா, மாமன் ஒக்கார்ற சீட்டு ஈரமா இருக்குதுங்களே."

நஞ்சுண்டன் எட்டிப் பார்த்தான். தோல் சீட்டில் முதுகு அளவுக்கு, இரண்டு தொடை அளவுக்கு ஈரம் பதிந்திருந்தது. எழுந்து போனவனின் தடம் அல்ல. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரம் கொஞ்சம் நகர்ந்தது. அவள் பக்கமாக.

"எறங்கு அம்மணி," என்றான். எஞ்சினை அணைத்தான்.

எல்லோரும் படுத்த பிறகு நான்கு பிளக்குகளையும் கழற்றினான். பிளக் இல்லாமல் எந்த எஞ்சினும் ஓடாது. அது எந்திரத்துக்கான சட்டம், அதை யாராலும் மாற்ற முடியாது. காலையில் உண்மையைச் சொல்லி மாப்பிள்ளை காலில் விழுந்துவிடுவது என்று முடிவு செய்தான். கயிற்றுக் கட்டிலை வண்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டான். பிளக்குகள் கைக்குள்ளேயே இருந்தன. வண்டிக்கு அடியில் எங்கோ சொட்டு விழுந்துகொண்டிருந்தது. டொக். வெகுநேரம் கழித்து, டொக். அவன் கீழே குனிந்து பார்க்கவில்லை. பார்த்துத் தொலைக்கக் கூடாது என்று மட்டும் தெரிந்தது.

கோழி கூவியது. வீட்டுக்குப் பின்னால் பாலுசாமி குளிக்கிற சத்தம் கேட்டது. இதுதான் நேரம் என்று நஞ்சுண்டன் எழுந்து போனான்.

"மாப்பள, ஒரு பொய் சொல்லிப்போட்டேனுங்க."

தலையிலிருந்து தண்ணீர் வடிய பாலுசாமி திரும்பினான். "என்னங்க மச்சான்?"

"அந்த எஞ்சின் மதராஸ்ல இருந்து வரலீங்க. அது..."

குர்ர்.

இருவரும் பட்டறைப் பக்கம் பார்த்தார்கள்.

குர்ர்... குர்ர்...

எஞ்சின் பிடித்தது.

நஞ்சுண்டன் கையை விரித்தான். பிளக்குகள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கும் ஈரம்.

அவன் ஓடினான். பின்னால் ஈரத்துண்டோடு பாலுசாமி ஓடிவந்தான். சாம்பல் வெளிச்சத்தில் சிவப்பு வண்டி பட்டறையை விட்டு மெதுவாக வெளியே வந்தது. இடதுபக்கம் பழனியாத்தாள். புதுச்சேலை, தலை நிறைய மல்லிகை. புதுப்பெண் மாதிரி கூசித் தலையைக் குனிந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவரைக் கடைக்கண்ணால் பார்த்துச் சிரித்தாள்.

"போலாமுங்க," என்றாள்.

"மச்சான்," என்று பாலுசாமி அவன் தோளைப் பிடித்தான். "வண்டிய யாருங்க ஓட்டறது?"

ஸ்டியரிங் மேல் ஒரு கை இருந்தது. வெளுத்து, ஊறி, விரல் நுனியெல்லாம் சுருங்கிய கை. முழங்கை மடிப்பிலிருந்து தண்ணீர் ஓயாமல் வழிந்தது.

வண்டி ரோட்டுப் பக்கம் திரும்பவில்லை. பட்டறையை அடுத்திருந்த தோட்டத்துப் பக்கம் திரும்பியது. அங்கே தண்ணீர் இறைக்கும் கவலை மாடுகள் இறங்கி ஏறும் சரிவு. சரிவின் தலையில் கிணறு.

"எறங்கு அம்மணி! குதிச்சுரு!"

அண்ணன் வழியனுப்புகிறான் என்று நினைத்தாளோ என்னவோ. வளையல் குலுங்கக் கையை உயர்த்தி ஆட்டினாள்.

"நில்லுங்க சாமி," என்று நஞ்சுண்டன் கதறினான். "நான் கூப்புட்டது தப்புங்க. நில்லுங்க... உங்க காலப் புடிச்சுக் கேக்கறனுங்க..."

நிற்கவில்லை.

கிணற்று மேட்டில் சிவப்பு ஒரு கணம் உயர்ந்து தெரிந்தது. பிறகு மேடு மட்டும் இருந்தது. அவர்கள் ஓடிப்போய் விளிம்பில் விழுந்து பார்த்தபோது தண்ணீர் அலையடங்கி, மேலே நாலு மல்லிகைப் பூ மிதந்துகொண்டிருந்தது. அந்தப் பாசி வாசம் முகத்தில் அடித்தது.

அடியிலிருந்து, பொறுமையாக, குர்ர்... குர்ர்...