முந்தானையில் வராத மயில்

ரேணுகாதேவியின் அறைக்குள் வரும்போதே காவ்யாவின் கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா, கல்யாணப் புடவை முந்தானையில மயில் வரலை. தறி ஓடுது, வெறும் பட்டுதான் வருது. நான்தான் மயிலை அழிச்சு வேற கடைக்கு வித்துட்டேன்னு முதலாளி பேசிகினு இருக்கார். நாளையிலேருந்து வேலைக்கு வராதேன்னுட்டார்."

ஆரணியில் முதலாளி மாணிக்கவேலின் தறிகளுக்குப் பூவேலையைச் சொல்வது ஒரு கணினி புரோகிராம். அதை எழுதியவர்கள் இருவர்: பெரணமல்லூர் விவசாயியின் மகள் காவ்யாவும், நெசவாளர் வீட்டுப் பிள்ளை தனசேகரனும். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் பிழை கண்டுபிடிப்பது ரேணுகாதேவியின் தொழில்.

மாணிக்கவேலும் தனசேகரனும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். தனசேகரனின் விரல் நுனியெல்லாம் சாம்பல்.

"வீட்டுத் தறியில சாம்பலைத் தொட்டுத் தொட்டு பாவு நூலைப் பிணைச்சுகினு இருந்தேங்க. அப்படியே இழுத்துகினு வந்துட்டார்."

"ஜல்தியா ஓட்டிப் பாரும்மா," என்றார் மாணிக்கவேல்.

"ஓட்ட வேணாங்க. ஓட்டினா அது பாட்டுக்கு ஓடும். படிச்சா போதும்."

ரேணுகாதேவி தன் கணினியில் ஒரு கருவியை ஏவினாள். அது புரோகிராமை இயக்கவே இல்லை; எழுதியிருந்ததை மட்டும் படித்தது. இரண்டு பேர் வருடக்கணக்கில் எழுதிச் சேர்த்ததை ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதற்குள் படித்துவிட்டு, மூன்றே மூன்று கிளாஸ்களைத் திரையில் நிறுத்தியது. கிளாஸ் என்றால் ஒரு வேலைக்கான கட்டளைகளைச் சேர்த்து வைக்கும் கூடு. அன்னம், யாளி, மயில் என்று பெயர் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"பாத்தியா, வழிச்சு எடுத்துட்டா!" என்றார் மாணிக்கவேல்.

"திருடறவங்க கூட்டை எதுக்குங்க விட்டுட்டுப் போகணும்? காவ்யா எழுதுன பக்கத்துல இப்படி ஒண்ணுகூட இல்லை. வேணாததை வேரோட புடுங்கிடுறா." ரேணுகாதேவி அந்தச் சாம்பல் விரல்களைப் பார்த்தாள். "தனசேகரன், பாவு தீந்தா பழைய நூலை மொத்தமா உருவிடுவீங்களா?"

"ஐயோ, அது எப்படிங்க? நுனியைத் தறியிலேயே விட்டாத்தானே புதுப் பாவை அதுல பிணைக்க..." தனசேகரன் திரையைத் திரும்பிப் பார்த்தான்.

"இங்கயும் அதையேதான் செஞ்சிருக்கீங்க. புதுசா எழுதிட்டு, பழசைக் காலி பண்ணி, பேரை மட்டும் விட்டுவச்சீங்க. அன்னத்தையும் யாளியையும் புதுசோட பிணைச்சுட்டீங்க. மயிலைப் பிணைக்கலை. தறி இன்னும் அந்தக் காலிக் கூட்டைத்தான் கேக்குது. அது தப்புன்னும் சொல்லாது, மயிலையும் தராது."

"அப்போ புது மயில்?" என்றாள் காவ்யா.

ரேணுகாதேவி மறுபடி தேடினாள். யாருமே கூப்பிடாத ஒரு கிளாஸ் வந்து நின்றது. அதற்குள் தோகையின் ஒவ்வொரு கண்ணும் அப்படியே இருந்தது.

"என் தப்புதாங்க," என்றான் தனசேகரன் மாணிக்கவேலிடம். "அவ மேல போட்டுட்டீங்களே."

"நீயே மாத்து," என்றாள் ரேணுகாதேவி காவ்யாவிடம். தறி புது மயிலைக் கூப்பிடும்படி காவ்யா ஒரே ஒரு வரியை மாற்றினாள்.

தறிக்கூடத்தில் நாலு பேரும் தறியைச் சுற்றி நின்றார்கள். பட்டில் முதலில் கால் வந்தது. பிறகு தோகை, கழுத்து. இவ்வளவும் இத்தனை நாள் அந்த எழுத்துக்குள்ளேயே மூச்சுவிடாமல் இருந்ததா?

மாணிக்கவேல் தொண்டையைச் செருமினார். "நாளைக்கு எப்பம்மா வருவே?"

காவ்யா தறியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மயிலுக்குக் கொண்டை வரட்டுங்க. சொல்றேன்."