பேட்டரி இல்லாமல் பேசிய மூன்றாம் எண்

துருவி என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். எதையும் துருவித் துருவிக் கேட்காமல் அவள் விடமாட்டாள். கதவு ஏன் கிறீச்சிடுகிறது என்று கேட்பாள். பதில் வருவதற்குள் பாதிக் கதவைக் கழற்றியிருப்பாள்.

அவளுடைய அம்மா நாற்றுப் பண்ணை வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் நீளமான பசுமைக்குடில், அதற்குள் தட்டுத் தட்டாகத் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகள். ஒவ்வொரு தட்டிலும் மண்ணுக்குள் ஒரு சின்ன சென்சார் செருகியிருக்கும். எல்லாம் கல்லூரியில் படிக்கும் அண்ணனின் வேலை.

மண் காய்ந்தால், சுவரில் மாட்டிய பெட்டிக்குச் சென்சார் கம்பியே இல்லாமல் சேதி அனுப்பும். "நான் மூன்றாம் எண். என் மண் காய்ந்துவிட்டது" என்பதுபோல. உடனே பெட்டி மூன்றாம் தட்டுக்குத் தண்ணீர் திறந்துவிடும். இதைச் செய்து முடித்த நாளிலிருந்து அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பால்காரர் வந்தால்கூடப் பிடித்து நிறுத்தி விளக்கம் சொல்வான்.

அந்தப் பெருமைக்கு மூன்றாம் தட்டு உலை வைத்தது. அதற்கு மட்டும் ஓயாமல் தண்ணீர் வந்து, தக்காளி நாற்றெல்லாம் வேர் அழுகிச் சாய்ந்தது. அண்ணன் சென்சாரையே மாற்றிப் பார்த்தான். புதிதாக வைத்த நாற்றும் மஞ்சளடித்தது.

அன்று காலையில் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"நாளைக்குக் காலையில நான் கூடை எடுத்துட்டு வருவேன். உன் சென்சார் எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுடு. பழையபடி நானே தண்ணி ஊத்திக்கிறேன்" என்றார்.

அண்ணன் வாடிய நாற்றைப் பிடுங்கி ஓரமாகப் போட்டான். சாப்பிடும்போதும் வாயைத் திறக்கவில்லை. பேசாத அண்ணனைத் துருவிக்குத் துளியும் பிடிக்கவில்லை. பாவமாகவும் இருந்தது.

பள்ளி விடுமுறை என்பதால் அவள் நேராகப் பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அதன் திரையில் மூன்றாம் எண்ணின் சேதிகள் வந்துகொண்டே இருந்தன. ஈரம். காய்ந்தது. ஈரம். மறுபடி காய்ந்தது. ஒரே மண் எப்படி இப்படி நிமிடத்துக்கு நிமிடம் பேச்சை மாற்றும்?

அவள் மூன்றாம் தட்டிலிருந்த சென்சாரை எடுத்து, துடைத்து, அதன் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். மறுபடி திரையைப் பார்த்தாள். ஈரம் என்ற சேதி நின்றுவிட்டது. ஆனால் "மூன்றாம் எண், காய்ந்தது" என்று சேதி வந்தது. குழாயில் தண்ணீரும் வந்தது.

துருவி வீட்டுக்குள் ஓடினாள். அண்ணனை இழுத்து வந்து காட்டினாள்.

"பேட்டரி என் பையில இருக்கு. அப்போ பேசறது யாருண்ணா?"

அண்ணன் சென்சாரைப் புரட்டிப் பார்த்தான். யாரோ மூன்றாம் எண் என்று பொய் சொல்கிறார்கள் என்று முணுமுணுத்தான். எப்போதும் காய்ந்தே கிடக்கிற மண் பக்கத்தில் எங்கே இருக்கும் என்று துருவி யோசித்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் கள்ளிச்செடி வளர்க்கும் மாமா இருந்தார். கொஞ்ச நாளாக அவரும் ஒரு புலம்பலோடுதான் திரிந்தார். தான் இல்லாத நேரத்தில் யாரோ தன் கள்ளிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்களாம். மண்ணைத் தொட்டால் காய்ந்துதான் இருக்கிறதாம், திரை மட்டும் ஈரம் என்கிறதாம்.

"மாமா வீட்டுல ஏது திரை?" என்று கேட்டாள் துருவி.

அண்ணன் தலையைச் சொறிந்தான். "நான்தான் வாங்கிக் கொடுத்தேன். இதே கடை, இதே சென்சார். ஒண்ணே ஒண்ணு, கூட ஒரு சின்னத் திரை."

அதில் என்ன எண் போட்டிருந்தது என்று அவன் பார்க்கவே இல்லை. ஊருக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவன், தன் கையாலேயே வம்பை வாங்கிப் பக்கத்து வீட்டில் வைத்திருந்தான்.

துருவி வேலி அருகே ஓடினாள். மாமாவின் சென்சாரை ஒரு தம்ளர் தண்ணீரில் நனைக்கச் சொன்னாள். கள்ளிக்குப் போட்டது, தண்ணீரில் நனைவதா என்று மாமா கொஞ்சம் முரண்டு பிடித்தார். பிறகு நனைத்தார். இந்தப் பக்கம் பெட்டியில் "மூன்றாம் எண், ஈரம்" என்று வந்தது. பொய் சொன்ன மூன்று அகப்பட்டுவிட்டது. அதன்மேல் தப்பில்லை, அதுவும் மூன்றுதான். இவர்கள் தட்டின் ஈரம்தான் இத்தனை நாளும் மாமாவின் திரையில் தெரிந்திருக்கிறது.

எண்ணை மாற்றினால் தீர்ந்தது என்றான் அண்ணன். நாளைக்கு இன்னொருவர் அந்தப் புது எண்ணையே வாங்கி வந்தால் என்ன செய்வது என்று துருவி கேட்டாள். அப்படியானால் நம் சென்சார்களுக்கு மட்டும் ஒரு ரகசியச் சொல் கொடுக்கலாம், சேதியோடு அதையும் சேர்த்துச் சொல்லட்டும் என்றான்.

துருவி உதட்டைப் பிதுக்கினாள். பள்ளியில் அவள் கூட்டத்துக்கும் ஒரு ரகசியச் சொல் இருந்தது. அதை ஒரு வாண்டு ஒட்டுக்கேட்டு, மறுநாள் ராஜா மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. காற்றில் போகிற சேதியையும் யார் வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்கலாமே.

"ரகசியத்தைச் சொல்லவே கூடாதுண்ணா. தெரியும்னு காட்டினா போதும். பெட்டி ஒவ்வொரு தடவையும் ஒரு புது எண்ணைக் கேட்கட்டும். அதோட ரகசிய எண்ணைக் கூட்டி, விடையை மட்டும் சென்சார் சொல்லட்டும். நேத்து விடையை ஒட்டுக்கேட்டவன் இன்னிக்கு முழிப்பான்."

அண்ணன் அவளையே பார்த்தான். பிறகு சிரித்தான். வெறும் கூட்டல் என்றால், கேள்வியையும் விடையையும் கேட்டவன் கழித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவான், அதனால் பிரிக்கவே முடியாத கலப்புக் கணக்கு ஒன்றைப் போடலாம் என்றான். அன்று முழுக்க இருவரும் ஒவ்வொரு சென்சாராக எடுத்து ரகசிய எண்ணைக் கற்றுக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ரகசியம்.

மறுநாள் காலை அம்மா கூடையோடு வந்தார். துருவி அவரைப் பெட்டிக்கு முன்னால் நிறுத்திவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் கை காட்டினாள். மாமா தன் சென்சாரைக் காய்ந்த மணலில் செருகினார்.

திரையில் எழுத்து வந்தது. "மூன்று என்று யாரோ சொல்கிறார். கேள்விக்கு விடை தப்பு."

அம்மாவும் அண்ணனும் துருவியும் குழாயைப் பார்த்தார்கள். தண்ணீர் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டாம் தட்டு காய்ந்தது என்று சேதி வந்தது. பெட்டி கேள்வி கேட்டது, விடை சரியாக வந்தது, இரண்டாம் தட்டில் தண்ணீர் பாய்ந்தது.

அம்மா இரண்டாம் தட்டின் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கூடையைக் கீழே வைத்தார்.

"வெளியில இருக்கிற தட்டுக்கெல்லாம் இன்னும் எத்தனை சென்சார் வேணும்?" என்று அண்ணனிடம் கேட்டார்.

அண்ணன் பேச ஆரம்பித்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்தும் நிறுத்தவில்லை. துருவிக்குக் காது வலித்தது. இருந்தாலும் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, இன்னொரு கேள்வி கேட்டாள்.