இரண்டு கடலின் நுரை

அலமாரிக்குள் நுரை சிரித்தது.

மத்தியான வெயில் மண்டபத்தின் மொட்டைமாடிகளை அப்பளமாகப் பொரித்துக்கொண்டிருந்தது. நெத்திலிக் குழம்பு வாசம் விரலைவிட்டுப் போகாமல் கூடத்து நாற்காலியில் அரைத்தூக்கமாகச் சரிந்திருந்த அய்யப்பன், யாரோ தெருவில் போகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். தெருவில் ஒரு ஆடுகூட இல்லை. மறுபடி வந்தது. மூக்கில் ஆரம்பித்து, தொண்டையில் உருண்டு, கடைசியில் ஒரு விக்கலோடு நிற்கிற சிரிப்பு. உலகத்தில் அப்படிச் சிரிக்கிற பிறவி ஒன்றுதான் உண்டு: அவர் மனைவி துர்காதேவி. அவளோ ராமநாதபுரத்தில், கூட வேலை பார்க்கும் பூங்கோதை டீச்சரின் வளைகாப்பில் இருந்தாள்.

அய்யப்பன் மெதுவாகத் திரும்பி, அவள் பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியைப் பார்த்தார்.

அந்தத் தொட்டியின் நீல வெளிச்சத்தில், தலைமன்னாரில் உட்கார்ந்துகூடப் பேப்பர் படிக்கலாம். இந்தக் கடலில் ஒரு பவளத் துண்டைத் தொட்டாலும் வனத்துறை உள்ளே தள்ளிவிடும் என்பதால், வெளிநாட்டுப் பண்ணையில் பிறந்த பவளங்களை முறையான பில்லோடு விமானத்தில் வரவழைத்திருந்தாள் துர்கா. அய்யப்பன் அவள் கையைப் பிடித்த காலத்தில் பரமக்குடி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர். பவளம் பறந்து வந்தது. அங்கேயே ஆரம்பித்துவிட்டது எரிச்சல்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அவள் நேரே தொட்டி முன் உட்காருவாள். "என்னடா தங்கம், சாப்டியா? ஏன் வாடிப்போயிருக்க?" என்று கண்ணாடியில் உதடு படக் கொஞ்சுவாள். அய்யப்பனுக்கு வாய்த்ததெல்லாம், "ஏங்க, சோறு மேசைல இருக்கு." அவருடைய பொறாமையை ரயிலில் ஏற்றியிருந்தால் பாம்பன் பாலம் ஒரு முழம் இறங்கியிருக்கும்.

மெத்துப் பவளமும் கல் பவளமும் ஒரே தொட்டியில் இருந்தால் ஒன்றுக்கொன்று ஆகாது, பக்கத்திலிருப்பதன் மேல் விஷத்தைக் கசியவிடும் என்று அவள்தான் சொல்லியிருக்கிறாள். அந்த விஷத்தையும் அழுக்கையும் காற்றுக் குமிழியில் ஒட்டவைத்து, நுரையாக மேலே உள்ள குவளைக்குத் தள்ளுகிற குழாய்தான் தொட்டிக்கு அடியில் அலமாரிக்குள் இருக்கும் ஸ்கிம்மர். காலையில் கிளம்பும்போது, "அந்தக் குழாயோட திருகை மட்டும் சும்மா தொட்றாதீங்க. நுரை பொங்குனா மயிரிழை அளவு இறக்குங்க, போதும்" என்று நாலு தடவை சொன்னாள். போய் வருகிறேன் என்று ஒரு தடவை சொன்னாள்.

அவள் தலை மறைந்ததும் அய்யப்பன் குடத்தை எடுத்தார்.

மண்டபத்துக்கு இரண்டு பக்கமும் கடல். தெற்கே அலையடிப்பது ஆண்கடல். வடக்கே குளம்போலக் கிடப்பது பெண்கடல். துர்கா தொட்டிக்கு வாங்குவது தெற்குத் தண்ணீர் மட்டும். ஒரு ஆண்கடலைக் கூடத்தில் வைத்துக் கொஞ்சுகிறாள் என்று நினைக்க நினைக்க அய்யப்பனுக்குக் காது சூடேறியது. வடக்குக் கடலில் குடத்தை முக்கியபோது, வழக்கமாகத் தண்ணீர் கேன் கொண்டுவரும் சுரேஷ் ஆட்டோவை நிறுத்தினான்.

"அண்ணே, தொட்டிக்கா? அதுல தெக்குத் தண்ணில்ல கெடக்கு!"

"கலந்தா என்னலே? ரெண்டுக்கும் கல்யாணம் ஆயிருமோ?"

"சிரிக்காதீக. எங்க வீட்ல ஒரு கடல் மொண்ட குடத்தக் கழுவிக் கமுத்தாம மறு கடல்ல முக்க மாட்டாக. ரெண்டும் ஒரே பாத்திரத்துல சேந்தா, கேட்டதெல்லாம் ஒண்ணுகிட்ட ஒண்ணு சொல்லிருமாம்."

"நல்லதுதான. நம்ம வீட்ல எங்கிட்டத்தான் யாரும் ஒண்ணும் சொல்றதில்ல."

குடத்தோடு வந்து தொட்டியில் கவிழ்த்தார். பவளங்கள் சட்டென்று சுருங்கின. அந்தத் திருப்தியில்தான் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

இப்போது அலமாரிக் கதவைத் திறந்தார். ஈரமும் அழுகிய பாசியும் கலந்த வாடை முகத்தில் அறைந்தது. அதற்குள் மெல்லிதாக, அவளுடைய மல்லிகை எண்ணெய் வாசம். நுரை குழாயில் விறுவிறுவென்று ஏறி, குவளையில் டிகாஷன் நிறத்தில் பொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குமிழியும் உடையும்போது ஒரு சொல் வந்தது.

"தங்கம்... இன்னைக்கு... மூட்டு வலிடா... அவர்ட்ட சொல்லல..."

அய்யப்பன் முழங்காலில் உட்கார்ந்தார். அவள் குரல்தான். தொட்டியிடம் சொன்னதெல்லாம் தண்ணீரில் கரைந்து கிடந்து, இப்போது நுரையாகிறது. ஹெட்மாஸ்டர் திட்டியது. அவளுடைய அம்மா கனவில் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை குளியலறையில் உட்கார்ந்து அழுதது. ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. ஒன்றுகூட! இந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு எல்லாம் தெரியும்.

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?" என்றார்.

திருகை இறக்கவில்லை. ஏற்றினார்.

குவளை நிறைந்தது. அதைக் கழற்றி அங்கணத்தில் கொட்டினார். கருப்புச் சாறு முனகிக்கொண்டே குழாயில் இறங்கியது. இனி இதற்கு ஒன்றும் தெரியக் கூடாது. ஒரு சொல் மிச்சம் வைக்கக் கூடாது. மறுபடி நிறைந்தது. மறுபடி கொட்டினார்.

போன் அடித்தது. துர்கா.

"ஏங்க, பஸ் ஏறிட்டேன். தொண்ட என்னமோ... காத்தா வருது. தொட்டி நல்லா இருக்கா?"

தொட்டி! தொண்டை கட்டியும் தொட்டி! அய்யப்பன் போனை வைத்துவிட்டுத் திருகை இன்னும் ஏற்றினார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். இத்தனை பேச்சில் அவரைப் பற்றி ஒரு நல்ல சொல். ஒன்றே ஒன்று. இருக்கும். அடியில் இருக்கும்.

வெயில் இறங்கியது. கூடம் நீலமானது. குமிழிகள் இப்போது பழைய சங்கதிகளைச் சொல்லவில்லை.

"உச்சிப்புளி... தாண்டியாச்சு... ஜன்னல் சீட்டு..."

அவர் கை நின்றது.

இது தொட்டியிடம் சொன்னதல்ல. இப்போது. பஸ்ஸில். அவள் வாய்க்கு வரவேண்டியது.

மறுபடி போன். எடுத்தார். மூச்சு மட்டும். வெறும் மூச்சு. பின்னால் கண்டக்டரின் விசில்.

திருகை இறக்கினார். நுரை இறங்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினார். மோட்டார் நின்றது. நுரை ஏறியது. குவளையை உள்ளங்கையால் பொத்தினார். விரலிடுக்கில் சூடாக, உமிழ்நீர்போல வழிந்தது. வழிந்ததெல்லாம் பேசியது.

"அவரு... நல்ல மனுசன்டா தங்கம்... எனக்குத்தான்... அவர்ட்ட... சொல்ல வரல..."

உடைந்தது. அவ்வளவுதான். இத்தனை வருடம் அவர் கேட்கக் காத்திருந்தது, விரலில் ஒரு பழுப்புக் கறையாக நின்றது.

வாசல் கேட் கிறீச்சிட்டது. செருப்புச் சத்தம். பிறகு, தெளிவாக, பக்கத்தில்:

"ஏங்க, கதவத் தொறங்க."

வாசலிலிருந்து வரவில்லை. குவளையிலிருந்து வந்தது.

அய்யப்பன் எழுந்தார். போனார். தாழ்ப்பாளை நீக்கினார்.

துர்கா நின்றாள். கை நிறைய வளைகாப்பு வளையல். கன்னத்தில் சந்தனம். அவரைப் பார்த்ததும் அவள் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. தொண்டையைப் பிடித்தாள். மறுபடி அசைத்தாள். உதடு முழுதாகத் திறந்தது. உள்ளே நாக்கு தெரியவில்லை. பற்கள் வரை வெள்ளையாக, ஓசையில்லாமல், நுரை ஏறிக்கொண்டிருந்தது.

அவருக்குப் பின்னால், நீலக் கூடத்தில், குவளையின் அடியில் ஒட்டியிருந்த கடைசிக் குமிழிகள் அவள் குரலில் கேட்டன:

"ஏங்க... என்னங்க... செஞ்சீங்க..."

ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தன.