ஒரு சொட்டு உள்ளே போகாது

தண்ணீர் அதிகமில்லை, ஒரு டீ கிளாஸ் அளவுதான் இருக்கும். நெல்சன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கேபின் தரைத் தகட்டில் இருந்த ரப்பர் மூடியைப் பிடுங்கியதும் அது அவன் கன்னத்தில் விழுந்து காதுக்குள் ஓடியது. ஷெட்டின் தகரக் கூரை ஒழுகவில்லை. வண்டியை அவன் கழுவவுமில்லை. கதவுகளுக்குப் புது ரப்பர் பீடிங் வைத்து மூடி நாலு நாள் ஆகியிருந்தது; அந்த நாலு நாளும் தீவில், அவன் ஊரான பாம்பூஃப்ளாட்டில், சுள்ளென்று வெயில். உதட்டோரம் வழிந்ததை நாக்கால் தொட்டான். உப்புக் கரித்தது. மூடியைத் திரும்பச் செருகிவிட்டு டீ குடிக்கப் போனான்.

வேறொருவன் என்றால் நின்று யோசித்திருப்பான். நெல்சனுக்கு அந்த வழி மே மாதத்தோடு அடைபட்டுப்போயிருந்தது.

அவன் மனைவி கிரேசிக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருடமாகிறது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். பாம்பூஃப்ளாட்டில் ஃபெர்ரி ஏறினால் கால் மணி நேரத்தில் அக்கரையில் சாத்தம், அங்கிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரி. மே மாதம் புயல் கொடி ஏற்றி மூன்று நாள் ஃபெர்ரியை நிறுத்திவிட்டார்கள். வாடகை ஜீப்பில் ஃபெரார்கஞ்ச் வழியாகச் சுற்றிக்கொண்டு போனபோது, ரோட்டுக்கு மேல் ஓடிய ஓடையில் எஞ்சின் தண்ணீர் குடித்து நின்றது. நாலு மணி நேரம். உடம்பில் சேர்கிற தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கிரேசியின் நுரையீரலுக்கு ஏறியது. அவன் மடியில் கிடந்து, உலை கொதிக்கிற சத்தத்தோடு அவள் மூச்சுவிட்டாள். வெளியே தண்ணீர், கதவிடுக்கு வழியாக உள்ளே தண்ணீர், அவளுக்குள்ளும் தண்ணீர். பிழைத்துவிட்டாள் என்று டாக்டர் சொன்னபோது அவனுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்குப் பிறகு எதுவுமே வரவில்லை. மீன்குழம்பில் புளிப்பு தெரியவில்லை, பூசைக்குப் போனால் பாட்டு காதில் ஏறவில்லை. மரத்துப்போய்விட்டோம் என்று தெரிந்தது. அதற்காக வருத்தப்படவும் முடியவில்லை.

செய்ய முடிந்தது ஒன்றுதான். அடுத்த புயலுக்குள் எந்த ஓடையிலும் நிற்காத வண்டி ஒன்று வேண்டும். மரக் கான்ட்ராக்டர் ஒருவர் கைவிட்ட பழைய பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்தான். எஞ்சின் நல்ல எஞ்சின், நாலு சக்கரமும் இழுக்கும், சேஸிஸ் யானை மாதிரி. கேபின்தான் அப்பளம்; தொட்டால் பொடிந்தது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் கேபின் வர மாதக்கணக்காகும் என்பதால் விம்பர்லிகஞ்சில் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் பன்னீர்செல்வத்திடம் போனான். அதே மாடல் கேபின் ஒன்று போன மாதம்தான் ஹட்பேயிலிருந்து வந்திருந்தது. சுனாமியில் கடல் எடுத்துத் திருப்பிப் போட்ட வண்டி. இருபது வருடம் ஒரு கோடவுனுக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

கடல் எடுத்த வண்டிகளின் கதவுகளை பன்னீர்செல்வம் நைலான் கயிற்றால் திறந்தபடி கட்டிவைப்பார். ஒரு மழைக்காலம் முழுதும் உள்ளே பெய்து உப்பை இறக்கும்வரை மூடக் கூடாது என்பது தீவு மெக்கானிக்குகளின் வழக்கம். துருவுக்காகத்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். துருவுக்குப் பயந்தவர் தினமும் பொழுது சாய்வதற்குள் ஒவ்வொரு கயிறாக இழுத்துப் பார்ப்பாரா என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

"நெல்சா, இது இன்னும் மழையே பாக்கல. ஒரு பர்சாத் போகட்டும், அப்புறம் எடுத்துக்க."

"அதுவரைக்கும் கிரேசி தாங்கணுமே அண்ணாச்சி."

அவர் அந்தக் கேபினின் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "சரி, கொண்டு போ. கதவ மட்டும் மூடாத. கழட்டிப் போட்டு ஓட்டு, தொறந்து வெச்சு ஓட்டு, ஜோ பி கரோ, என்ன வேணாலும் செய். மூடிராத."

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன அண்ணாச்சி" என்றான் நெல்சன். வீட்டுக்கு வந்து கேபினை சேஸிஸில் ஏற்றியதும் கயிற்றை அறுத்தான்.

மூடியதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவன் நல்ல வேலைக்காரன், அதுதான் வினை. தகட்டில் ஊசி நுழைகிற ஓட்டையைக்கூட வெல்டு வைத்து அடைத்தான். கண்ணாடிகளைச் சுற்றிப் பசை, கதவுகளுக்கு இரட்டை பீடிங். ஓடைத் தண்ணீர் கிரேசியின் காலைத் தொடக் கூடாது. ஒரு சொட்டு உள்ளே போகாது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டான். சொன்னது உண்மைதான்.

டீ கிளாஸ் அளவு தண்ணீர் வந்ததற்கு அடுத்த நாள் மூடியைப் பிடுங்கியபோது வந்த தண்ணீர் ஒரு சொம்பு இருக்கும். அதற்கடுத்த நாள் அரை வாளி. அதில் சின்னப் பாசித் துணுக்கு ஒன்று, பச்சையாக, அப்போதுதான் பாறையிலிருந்து கிள்ளியது மாதிரி மிதந்தது. வாளியைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு ஸ்நார்கல் வேலையை ஆரம்பித்தான்.

ஸ்நார்கல் என்பது எஞ்சினுக்கு மூக்கு. பானெட்டின் பக்கவாட்டிலிருந்து கூரை உயரத்துக்கு ஏறும் குழாய். வண்டி மூழ்கினாலும் மேலே காற்றை இழுத்துக்கொள்ளும். மாட்டி முடித்ததும் ஒரு சோதனை உண்டு. எஞ்சினை ஓடவிட்டு, குழாயின் வாயை உள்ளங்கையால் அடைக்க வேண்டும். எங்கும் கசிவில்லை என்றால் எஞ்சின் திணறி அணைந்துவிடும். நெல்சன் ஸ்டூலில் ஏறி நின்று அடைத்தான். இழுவை கையைக் கவ்விப் பிடித்தது. எஞ்சின் இருமி, குலுங்கி, நின்றது. கச்சிதமான வேலை.

கையை எடுக்கப் பார்த்தான். இழுவை நிற்கவில்லை.

எஞ்சின் நின்றுவிட்டது, ஃபேன் சுற்றவில்லை, ஷெட்டில் ஒரு சத்தமும் இல்லை. குழாய் மட்டும் அவன் உள்ளங்கையை நிதானமாக உள்ளே இழுத்தது. விட்டது. வெதுவெதுப்பான ஈரக்காற்று விரலிடுக்கில் வந்தது, நண்டு வாசனையோடு. திரும்பவும் இழுத்தது. கையைப் பிய்த்துக்கொண்டு கீழே இறங்கினான். உள்ளங்கையில் வட்டமாக ஒரு வெள்ளைத் தடம். அந்த வட்டத்துக்குள் குண்டூசியால் குத்திப் பார்த்தான், தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தான், ஆகவில்லை.

மறுநாள் கிரேசி கேபினில் ஏறி உட்கார்ந்தாள். நாளொன்றுக்கு முக்கால் லிட்டருக்கு மேல் அவள் தண்ணீர் குடிக்கக் கூடாது. குழம்பும் டீயும்கூட அதில் சேர்த்தி. ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு முழு மத்தியானத்தையும் கடத்துவாள். கனவில்கூட தண்ணீர் குடிப்பதாகச் சொல்வாள். அன்றைக்கு ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏளா, புழுங்கலையா?"

"இல்லங்க. இதுக்குள்ள உக்காந்தா தாகமே எடுக்க மாட்டேங்குது." அவள் சிரித்தாள். "நெஞ்சுக்குள்ள குளுகுளுன்னு இருக்கு."

அவள் உதடுகள் வெடிப்பில்லாமல் ஈரமாக இருந்தன. இறங்கியபோது சீட்டில் அவள் முதுகு பட்ட இடம் மட்டும் காய்ந்திருந்தது, சுற்றிலும் ஈரம். நெல்சனுக்குப் பயம் வந்தது. ஏழு மாதத்தில் அவனுக்கு வந்த முதல் உணர்ச்சி. காணாமல்போன ஆள் வாசலில் வந்து நின்றது போலிருந்தது. அது போய்விடக் கூடாதே என்றுகூட ஒரு கணம் நினைத்தான். நாளைக்குக் கதவுகளைக் கழற்றிவிட வேண்டும் என்று முடிவுசெய்தான்.

மறுநாள் வியாழக்கிழமை, புயல் கொடி ஏறியது.

வெள்ளி மத்தியானம் வரை ஃபெர்ரி வரவில்லை. "பந்த் ஹோ கயா பாய், சோமவார் வரைக்கும் முஷ்கில்தான்" என்று திங்கட்கிழமை வரை கைவிரித்துவிட்டார் ஜெட்டியில் டிக்கெட் கொடுப்பவர். வீட்டில் கிரேசி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால்கள் வீங்கிப் பளபளத்தன. அந்தச் சத்தம், உலைச் சத்தம், தொடங்கியிருந்தது. கதவில்லாத வண்டியில் இந்த மழைக்குள் அவளை எப்படி உட்காரவைப்பது? ஸ்பேனரைக் கையில் எடுத்தான். வைத்தான். தரை மூடியைப் பிடுங்கி, வந்த தண்ணீரெல்லாம் வடிந்து தீரும்வரை நின்று, திரும்ப இறுக்கி அடைத்தான். அவளைத் தூக்கி உட்காரவைத்துக் கதவைச் சாத்தியபோது மணி மூன்று.

டிசம்பரில் தீவில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். ஃபெரார்கஞ்ச் தாண்டுவதற்குள் மேகம் அதையும் முந்திக்கொண்டது. ஓடை வந்தது. மே மாதம் அவர்களை நிறுத்திய அதே ஓடை, இப்போது இன்னும் அகலமாக, செம்மண் நிறத்தில் ரோட்டை விழுங்கிக்கொண்டு ஓடியது. நெல்சன் கியரை இறக்கி உள்ளே விட்டான். தண்ணீர் பானெட்டின் மேல் ஏறிப் பிளந்தது. ஸ்நார்கல் காற்றை இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் சீராகக் கேட்டது. வண்டி திணறவில்லை, ஒதுங்கவில்லை, கரையேறியது.

"அழகா ஓட்டுதீங்க" என்றாள் கிரேசி.

கேபினுக்குள் ஓடைத் தண்ணீர் ஒரு சொட்டு வரவில்லை.

கண்ணாடி மங்கியது. துடைத்தான். வெளியே வைப்பர் ஓடிக்கொண்டிருக்க, உள்ளே கை பட்ட இடம் தெளிந்து உடனே திரும்ப மங்கியது. பாசி வாசனையும் ஈரச் சாக்கு வாசனையும் வந்தன. உள்ளங்கையின் மரப்பு முழங்கை வரை ஏறியிருந்தது. கிளட்சை மிதிக்கும்போது கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. வண்டி சொன்னபடி கேட்டதால் மிதித்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டான். குளிர்தான். மழைக் குளிர்.

"கிரேசி, கால் சில்லுன்னு இருக்கா?"

"இல்ல. நல்லாருக்கு."

"மூச்சு?"

"நல்லாருக்கு."

சத்தம் குறைந்திருந்தது. உலைச் சத்தம் நின்றேபோயிருந்தது. கடவுளே, நல்லாத்தான் இருக்கிறாள். தொடை மரத்தது. இடுப்பு. சட்டையின் கீழ்முனை வயிற்றில் தானாக அசைவது மாதிரி இருந்தது. குனிந்து பார்க்கவில்லை. ரோட்டைப் பார்க்க வேண்டும், ரோடு மோசம்.

கராச்சர்மா வந்தது. தெருவிளக்குகள். பஸ்ஸுக்காகக் குடைபிடித்து நின்றவர்கள் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஏன்?

கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை ஆடவில்லை. ரோட்டில் அத்தனை குழி. ஆடவில்லை. மெல்ல மேலே எழும்பியது. சிலுவை தலைகீழாக. கூரையைப் பார்த்தபடி.

பார்க்காதே. ஓட்டு.

"கிரேசி."

பதில் இல்லை.

"ஏளா, வந்துட்டோம்."

அவன் குரலே அவனுக்குக் கேட்கவில்லை. எஞ்சின் சத்தம் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. கழுத்து. தாடை. எதுவும் தெரியவில்லை. பயமும் போய்விட்டிருந்தது. அதுதான் கடைசியாகப் போனது. போகாதே என்று மனதுக்குள் கெஞ்சினான்.

ஆஸ்பத்திரி வாசல். வெளிச்சம். நிறுத்தினான்.

டயாலிசிஸ் வார்டு ஆயா விஜயகுமாரி வீல்சேரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். மூன்று வருடமாகக் கிரேசியைத் தெரிந்தவள். இரண்டடி தூரத்தில் நின்றாள். வீல்சேர் அவள் கையிலிருந்து நழுவிச் சரிவில் தானே உருண்டது. அவள் வாய் திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. பிறகு கதவுக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். இன்னும் இருவர் வந்து இழுத்தார்கள். கதவு அசையவில்லை. ஒருவர் டார்ச்சைக் கண்ணாடியில் வைத்து அடித்தார்.

அந்த வெளிச்சம் பச்சையாகக் கலங்கி உள்ளே வந்தபோதுதான் நெல்சன் திரும்பிப் பார்த்தான்.

கூரை வரை தண்ணீர். கிரேசியின் கூந்தல் அவிழ்ந்து மேலே விரிந்து மெதுவாக அலைந்துகொண்டிருந்தது. சேலைத் தலைப்பு அவன் முகத்தைத் தடவிக்கொண்டு போனது, அவனுக்குத் தெரியவில்லை. தன் பக்கக் கதவைத் திறக்கக் கையை நீட்டினான். விரல்கள் கைப்பிடியைப் பிடித்தனவா, இழுத்தனவா, சும்மா கிடந்தனவா என்று அறிய வழியில்லை. இழு என்றான். இழு. வெளியே அவர்கள் கல்லை எடுத்து அடித்தார்கள். அவன் பசை வைத்துப் பதித்த கண்ணாடி, விரியக்கூட இல்லை.

கிரேசி அவர்களைப் பார்க்கவில்லை. அவனையும் பார்க்கவில்லை. கண்கள் பாதி செருகி, இத்தனை வருடம் அவன் பார்த்திராத நிம்மதியோடு அவள் முகம் மேலே தூக்கியிருந்தது. வாய் அகலத் திறந்திருந்தது. தொண்டை ஏறியது, இறங்கியது, ஏறியது. அவள் குடித்துக்கொண்டிருந்தாள்.