சுருளாத மஞ்சள் சீட்டுகள்

பலகையைத் திருப்பியதும், தட்டுவதற்காகத் தூக்கிய கைகள் பாதியிலேயே நின்றன.

மதியம் இரண்டு மணி. கூடத்தில் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. நடுவில் ஒரு வெள்ளைப் பலகை. இடது பாதியில் ‘சின்னக்கா’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே ஒன்றுமில்லை. வலது பாதியில் ‘கணக்கர்’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே அத்தனை மஞ்சள் ஒட்டுச்சீட்டுகளும் வரிசை கலையாமல் உட்கார்ந்திருந்தன.

“யாருய்யா இந்த வேலையப் பண்ணினது?” டிரைவர் எழுந்தேவிட்டார். “நான் சின்னக்காவுக்குத்தான் ஒட்டினேன்!”

“நானும்தான்” என்றாள் ஒரு நர்ஸ்.

“நானும்.”

“நானும்தான்!”

வட்டம் முழுக்க அதே குரல். கடைசியில் கணக்கரே எழுந்தார். முகம் வெளிறியிருந்தது. “நானும் அவங்களுக்குத்தான் ஒட்டினேன். சத்தியமா.”

“அப்போ இதெல்லாம் பேய் வந்து ஒட்டிட்டுப் போச்சா சார்?” என்றார் டிரைவர். இரண்டு பேர் சிரித்தார்கள். கணக்கர் உட்கார்ந்துவிட்டார்.

படுத்த படுக்கையாகிவிட்டவர்களை அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் சிறிய தொண்டு நிறுவனம் அது. நான்கு அறைகள், ஒரு கூடம், ஒரு பழைய வேன். வேறொரு நகரத்தில், தொண்டு நிறுவனங்களை நடத்தக் கற்றுத் தரும் ஆறு மாதத் தலைமைப் பயிற்சி ஒன்று அறிவிக்கப்பட்டிருந்தது. தங்குமிடம், சாப்பாடு, கட்டணம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் ஓர் இடம்தான். யார் போவது என்பதைக் கூட வேலை செய்கிறவர்களே சொல்ல வேண்டும் என்பது பயிற்சி நிறுவனத்தின் விதி. போய் வருகிறவர்தான் அடுத்த இயக்குநர் என்று இப்போதைய இயக்குநரான மேடம் முன்பே சொல்லிவிட்டார்.

போட்டியில் இரண்டு பேர். கணக்கர் வேலைக்குச் சேர்ந்து நான்கைந்து வருடம் இருக்கும், கெட்டிக்காரர். சின்னக்கா நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவள். எந்த நர்ஸ் எந்த வீட்டுக்கு என்று தினமும் காலையில் பிரித்து அனுப்புவது அவள்தான். வீட்டில் படுக்கையில் கிடக்கும் அக்காவுக்குத் தங்கை. அலுவலகத்தில் எல்லோருக்கும் சின்னக்கா.

பயிற்சி நிறுவனத்திலிருந்து தேர்தலை நடத்த வந்திருந்தவர் கழுத்தில் விசில் தொங்கவிட்ட பயிற்சியாளர். கையெழுத்து தெரியக் கூடாது என்று எழுதாத மஞ்சள் சீட்டுகளின் கட்டு ஒன்றை மேசையில் வைத்தார். ஒவ்வொருவராகக் கூடத்துக்குள் போய், ஒரு சீட்டை உரித்து, விரும்பியவர் பெயருக்குக் கீழே ஒட்டிவிட்டு வர வேண்டும். முடிந்ததும் பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

“இப்பவே எண்ணிடலாமே” என்றார் தொண்டு நிறுவனத்தின் கமிட்டி உறுப்பினரான இன்ஸ்பெக்டரம்மா. காவல்துறையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

“இல்லைங்க. சாப்பிட்டுட்டு எல்லாரும் வட்டமா உக்காந்து, சேர்ந்து திறப்போம். அதுலதான் ஒரு குழு உணர்வு வரும்.”

“எங்க டிபார்ட்மென்ட்ல ஓட்டைத் திறந்து போட்டுட்டு சாப்பிடப் போனா சஸ்பெண்ட் உணர்வுதான் வரும்” என்றார் இன்ஸ்பெக்டரம்மா. ஆனாலும் சாப்பிடப் போனார்.

இப்போது, மாறிப்போன பலகையின் முன்னால், எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

“யாரும் வெளியே போக வேண்டாம். அவரவர் அறையில இருங்க. நாலு மணிக்குள்ள முடிச்சிடலாம்.”

கூடத்துக்கு ஒரே கதவு. ஜன்னல்களில் கம்பி. சாப்பாட்டு நேரம் முழுக்க டிரைவர் தட்டோடு எதிர்ப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

“யார் யார் உள்ளே போனாங்க?”

“மூணு பேருங்க. மேடம் மூக்குக் கண்ணாடிய விட்டுட்டேன்னு போனாங்க. கணக்கர் போனுக்குச் சார்ஜ் போடப் போனார். சின்னக்கா நாற்காலிய வட்டமாப் போடப் போச்சு. தனித்தனியாத்தான் போனாங்க.”

“பயிற்சியாளர்?”

“அவருதான் உங்க பக்கத்துலயே உக்காந்து மூணு தடவை சோறு வாங்கினாரே.”

இன்ஸ்பெக்டரம்மா தலையாட்டினார். தானே பார்த்ததுதான்.

கூடத்துக்குள் போனார். குப்பைக்கூடையைக் கவிழ்த்தார். காலையில் உடைத்த பிஸ்கட் உறை ஒன்று விழுந்தது. வேறொன்றும் இல்லை. பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். சீட்டுகள் இஸ்திரி போட்டதுபோலப் படிந்திருந்தன. சுவரில் பயிற்சியாளர் அதே மாதிரிச் சீட்டுகளில் எழுதி ஒட்டியிருந்த நிகழ்ச்சி நிரலும் அப்படித்தான் இருந்தது.

முதலில் கணக்கரை அழைத்தார்.

“பலகையைத் தொட்டீங்களா?”

“இல்லைங்க.”

“போகணும்னு ஆசை இருந்துச்சா?”

“இருந்துச்சு. யாருக்குத்தான் இல்லை? ஆனா சீட்டைக் கையில எடுத்ததும் சின்னக்கா முகம்தான் வந்துச்சு. எனக்கு நானே ஒட்டிக்கக் கை வரலை.” சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மேசையில் வைத்தார். “சாயங்காலத்தோட வேலைய விட்டுடறேம்மா. திருட்டுப் பட்டத்தைச் சுமந்துக்கிட்டு இங்க வந்து கணக்கு எழுத முடியாது. நாளைக்கு ஒரு ரூபா குறைஞ்சாலும் என்னைத்தானே பார்ப்பாங்க?”

“விடுறதை அப்புறம் விடலாம். இந்தக் கட்டுல ஒரு சீட்டு உரிச்சு, சுவத்துல ஒட்டுங்க.”

கணக்கர் விழித்தார். கீழ் விளிம்பைப் பிடித்து மேல்நோக்கி இழுத்து உரித்து, ஒட்டினார். சீட்டின் கீழ்ப்பகுதி நாக்கை நீட்டுவதுபோல வெளியே வளைந்து நின்றது.

அடுத்தது மேடம்.

“சின்னக்கா போயிட்டா உங்களுக்குக் கஷ்டம்தானே?”

“கஷ்டமா? ரெண்டு கையும் போன மாதிரி” என்றார் மேடம். “சந்தேகப்படுறீங்கன்னா நேராவே கேளுங்க.”

“கேட்டுட்டுத்தான் இருக்கேன். இதுக்கு முன்னாடி நீங்க பயிற்சிக்குப் போயிருக்கீங்களா?”

“இதே பயிற்சிக்குத்தான். எங்க காலத்துல இந்தச் சீட்டெல்லாம் கிடையாது. அட்டையில எழுதி குண்டூசி குத்துவோம்.”

“ஒண்ணு உரிச்சு ஒட்டுங்க.”

மேடத்தின் சீட்டும் வளைந்து நின்றது. இன்ஸ்பெக்டரம்மா பயிற்சியாளரைக் கூப்பிட்டு, சுவரிலிருந்த நிகழ்ச்சி நிரலைக் காட்டினார்.

“உங்க சீட்டு மட்டும் எப்படி இவ்வளவு ஒழுங்கா நிக்குது?”

“அதுவா? கீழேயிருந்து இழுத்தா தாள் சுருளும். தூரத்துலேர்ந்து படிக்க முடியாது. பக்கவாட்டுல உரிக்கணும். பயிற்சி நடத்துறவங்களுக்கு முதல் நாளே சொல்லித் தர்ற சமாசாரம்.”

“இங்க யாருக்காவது சொல்லிக் கொடுத்தீங்களா?”

“இல்லையே. இதைப் போய் யார் கேக்கப் போறா?”

மூன்று மணிக்குச் சின்னக்காவின் அறை. அவள் எழுந்து நின்றாள். தோளில் கைப்பை மாட்டியிருந்தது. அலமாரிக் கதவில் நாளைய வேலை ஒட்டப்பட்டிருந்தது: ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சீட்டு. இன்ஸ்பெக்டரம்மா அந்தக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“உக்காரு. உன்னை விசாரிக்க வரலை. உன் ஓட்டைத்தானே திருடியிருக்காங்க.”

“கணக்கர் மேல கேஸ் ஏதும் வராதே?”

“ஏன்?”

“பாவம், நல்ல மனுஷன். அவரை எல்லாரும் பார்த்த பார்வை இருக்கே… சகிக்கலை.”

“நீ எந்தப் பயிற்சிக்கும் போனதில்லையாமே?”

“எங்க போறது? போறவங்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுப்பேன். வந்ததும் பிடிச்சு வெச்சு ஒண்ணு விடாம கேட்டுக்குவேன். என்ன விளையாட்டு வெச்சாங்க, எப்படி உக்கார வெச்சாங்க, ஜன்னல்லேர்ந்து என்ன தெரிஞ்சுதுன்னு எல்லாம். இவ கிட்ட மாட்டினா பரீட்சை எழுதின மாதிரின்னு ஓடுவாங்க.” சிரித்தாள். சிரிப்பு சீக்கிரமே நின்றது.

“அக்கா எப்படி இருக்காங்க?”

“அப்படியேதான்.”

“ராத்திரி யார் பார்த்துக்கிறா?”

“நான்தான். கைக்குப் பக்கத்துல ஒரு மணி வெச்சிருக்கேன். அடிச்சா எழுந்துக்குவேன்.”

“அடிக்கடி அடிப்பாங்களா?”

“அடிக்காத ராத்திரி எதுன்னு கேளுங்க. அதுன்னா ஞாபகம் இருக்கும்.”

“நம்ம நர்ஸ் யாரும் உங்க வீட்டுக்கு வர்றதில்லையா?”

“ஆளைப் பிரிச்சு அனுப்புறவளே தன் வீட்டுக்கு ஒரு ஆளைப் போட்டுக்கிறதா? நல்லாவா இருக்கும்?”

இன்ஸ்பெக்டரம்மா வாசல்வரை போய்த் திரும்பினார். சின்னக்கா இப்போது உட்கார்ந்திருந்தாள். கைப்பை மடியில் இருந்தது. அதன்மேல் இரண்டு கைகளும் இருந்தன.

நாலு மணிக்குச் சற்று முன்பே எல்லோரும் மறுபடி வட்டமாக உட்கார்ந்தார்கள். கணக்கரின் இரண்டு பக்கமும் இருந்த நாற்காலிகள் மட்டும் காலி.

“இத்தனை பேர் உரிச்சு ஒட்டினா சீட்டு இத்தனை விதமா நிக்கணும்” என்று ஆரம்பித்தார் இன்ஸ்பெக்டரம்மா. “இதுல எல்லாம் ஒரே விதமா, படிஞ்சு நிக்குது. ஒரே கை ஒட்டினது. நீங்க ஒட்டினதையெல்லாம் எடுத்துட்டு, கட்டுலேர்ந்து புதுசா உரிச்சு ஒட்டியிருக்காங்க. அந்தக் கைக்குப் பக்கவாட்டுல உரிக்கத் தெரியும். கணக்கருக்குத் தெரியாது. மேடத்துக்கும் தெரியாது.”

டிரைவர் பயிற்சியாளரைப் பார்த்தார்.

“அவரை ஏன்யா பார்க்கிற? அவருக்குச் சோறுதான் முக்கியம். சரி, ரெண்டாவது விஷயம். ஓட்டைத் திருடுறவன் எதிராளிக்கு ரெண்டு மூணு விட்டு வெப்பான். அப்பத்தான் நம்புவாங்க. பாதிக்கு மேல மாத்தினாலே ஜெயிச்சாச்சு. இந்தத் திருடி சின்னக்கா பக்கத்துல ஒண்ணுகூட விடலை. ஏன்?”

‘திருடி’ என்ற சொல்லில் வட்டம் அசைந்தது.

“மூணாவது. எடுத்த சீட்டு எங்க? கசக்கிக் கூடையில போட்டிருக்கலாம். கூடை காலி. இந்த ஆளுக்கு அதைக் கசக்க மனசு வரலை. எழுதாத மஞ்சள் காகிதம், காசுக்குப் பெறாது. அதைப் பத்திரப்படுத்தணும்னு யாருக்குத் தோணும்?”

டிரைவர் காலிக் கூடையை எட்டிப் பார்த்தார்.

“அது யாருக்காக ஒட்டினதோ, அவளுக்குத்தான் தோணும்.” அவர் குரல் தணிந்தது. “உன் அலமாரிக் கதவுல ஒரு சீட்டுகூடச் சுருளலைம்மா.”

சின்னக்கா மறுக்கவில்லை. கைப்பையைத் திறந்தாள். உள்ளே ஒரு சுத்தமான கைக்குட்டை. அதை மடியில் விரித்தாள். வளைந்து சுருண்ட மஞ்சள் சீட்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாக.

“பாதி எடுத்தாப் போதும்னுதான் போனேன்” என்றாள். “பலகையத் திருப்பினா எல்லாமே என் பக்கம். மறுபக்கம் நான் ஒட்டினது ஒண்ணே ஒண்ணுதான். எடுக்க ஆரம்பிச்சேன். எதை விடுறதுன்னு தெரியலை. எது யாரோடதுன்னும் தெரியாது. ஆனா எல்லாம் எனக்குன்னு வந்தது. ஒண்ணைக்கூட அங்கயே விட்டுட்டு வர மனசில்லை.” கணக்கரைப் பார்த்தாள். “உங்களுக்கு நல்லது பண்றதா நினைச்சேன் தம்பி. பழி வரும்னு புத்திக்கு எட்டலை. மன்னிச்சிருங்க.”

கணக்கர் தலை குனிந்திருந்தார்.

“வேண்டாம்னு வாயைத் திறந்து சொல்றதுக்கு என்னடி?” என்றார் மேடம்.

“சொன்னா பொய்யாயிடுமே மேடம்.” இப்போதுதான் அவள் அழுதாள். “எனக்குப் போகணும். அந்த ஹாஸ்டல்ல ஒரு கட்டில், ஒரு ஜன்னல். மணிச் சத்தம் இல்லாத ஒரு ராத்திரி. அதை நினைச்சு நினைச்சே… போயிட்டா நான் திரும்பி வரமாட்டேன். அதான் பயம். அக்கா இங்க மணிய அடிச்சுக்கிட்டே இருக்கும், எனக்கு அங்க கேக்கலைன்னு சந்தோஷமாத் தூங்குவேன். நான் அப்படிப்பட்டவதான்.”



முதலில் வாய் திறந்தவர் கணக்கர். “சின்னக்கா, இந்த ஊர்ல படுக்கையில இருக்கிறவங்களையெல்லாம் பார்த்துக்கத்தான் இந்த ஆபீஸ். உங்க அக்கா மட்டும் என்ன, வேற நாட்டுப் பிரஜையா?”

“ராத்திரி முறைக்கு நான் போறேன்” என்றாள் ஒரு நர்ஸ். “எனக்கு எப்படியும் தூக்கம் வராது, என் வீட்டுக்காரர் குறட்டையில.”

“திரும்பி வரலைன்னா?” என்றாள் சின்னக்கா, மேடத்தைப் பார்த்து.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் போனப்போ பெட்டியில எல்லாத் துணியையும் எடுத்துட்டுப் போனேன். ஒண்ணுகூட வீட்டுல வைக்கலை. ஏன்னு யாரும் கேக்கலை, நானும் சொல்லலை. நாலாவது மாசம் இந்தக் கூடத்துக்கு எந்தப் பக்கம் ஜன்னல் வெச்சா காத்து வரும்னு நோட்டுல படம் போட்டுக்கிட்டு இருந்தேன். உனக்கு அப்படி நடக்கும்னு சொல்ல மாட்டேன். வரலைன்னா வராதே. ஆனா உடம்பை மட்டும் இங்க வெச்சுக்கிட்டு, மனசால வராம இருக்காதே.”

இன்ஸ்பெக்டரம்மா பலகையிலிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக உரித்து எடுத்தார். பிறகு சின்னக்காவின் மடியிலிருந்து ஒன்றை எடுத்து இடது பக்கம் ஒட்டினார். அது நிற்கவில்லை. கைக்குட்டையின் நூல்துகள் ஏறிப் பசை போயிருந்தது. விழுந்தது.

“டேப் இருக்கா?”

“டேப் எதுக்கு?” டிரைவர் எழுந்து வந்தார். விழுந்த சீட்டைப் பொறுக்கிப் பலகையில் வைத்து, ஆட்காட்டி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். “இது என்னோடதுதான். நல்லா ஞாபகம் இருக்கு.”

“பொய்” என்றாள் நர்ஸ். “அது என்னோடது.” அவளும் ஒன்றை எடுத்துவந்து பிடித்தாள். ஒவ்வொருவராக வந்தார்கள். பலகைக்கு முன்னால் இடிபட்டுக்கொண்டு, கைகளுக்கு நடுவே கை நுழைத்து நின்றார்கள். கடைசிச் சீட்டைக் கணக்கர் பிடித்தார்.

“சீக்கிரம் சொல்லு அக்கா, கை வலிக்குது” என்றார் டிரைவர்.

சின்னக்கா நாற்காலியிலேயே இருந்தாள். காலியான கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். பிறகு அதை நான்காக மடித்தாள். மடித்ததைப் பிரித்தாள்.

“ராத்திரி ரெண்டு மணி வாக்குல அக்கா தண்ணி கேக்கும்” என்றாள், ராத்திரி முறைக்குப் போவதாகச் சொன்ன நர்ஸிடம். “வெதுவெதுன்னு இருக்கணும். மணிய ரெண்டாவது தடவை அடிக்க விடாதே.”

பலகையிலிருந்து யாரும் கையை எடுக்கவில்லை.